பிரிந்ததைப் பேணிய பெருந்தகை காயிதே மில்லத்

ஓர் இயக்கத்தைத் தோற்றுவிப்பது அரிது. சிதறும் வேளையில் அதனைக் கட்டிக் காப்பது அதனினும் அரிது. அவ்வரிய பணியைச் செய்தவர் கண்ணியமிகு காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயீல் சாகிப் அவர்கள்.

நெல்லைப் பேட்டையில் 1896 ஜூன் 5ஆம் நாள் பிறந்த இவர், ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் கல்லூரிப் படிப்பைத் துறந்தார். பின்னர்த் தோல் வணிகத்தில் சிறந்தார். 1946 தேர்தலுக்குப் பின் சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக வீற்றிருந்தார்.

1947இல் நாடு பிரிந்தது. முஸ்லிம் லீகின் முன்னணித் தலைவர்கள் பலர் எல்லை கடந்து சென்றனர். எஞ்சியோரிடையே கருத்து வேற்றுமை தலைதூக்கியது. கட்சியைக் கலைத்துவிடுவதே நலம் என்றனர் சிலர். காங்கிரசில் இணைவதே பாதுகாப்பு என்றனர் வேறு சிலர். பிரிவினைப் பழி அனைவர் தலைமேலும் தொங்கிய காலம் அது. டிசம்பரில் கராச்சியில் கூடிய பொதுக்குழு, கட்சியை இரு நாடுகளுக்கும் இரண்டாகப் பிரித்து, இந்தியப் பகுதியின் அமைப்பாளர் பொறுப்பை இவரிடம் ஒப்படைத்தது. 1948 மார்ச் 10ஆம் நாள், இன்று இராஜாஜி மண்டபம் எனப்படும் சென்னை மாளிகையில் உறுப்பினர்கள் கூடினர். கலைப்பதா, தொடர்வதா என்னும் வினாவுக்கு அன்று விடை கிடைத்தது. இயக்கம் தொடர்ந்தது, தலைமை இவரைச் சேர்ந்தது.

தமிழும் மலையாளமும் உருதுவும் பேசுவோரை ஒரே கொடியின்கீழ் நிறுத்தியது எது? எல்லாவற்றிலும் ஒருமித்த கருத்தை அவர் வேண்டினாரல்லர். மார்க்க நெறி, தனியார் சட்டப் பாதுகாப்பு, நாட்டுப்பற்று, அரசியலமைப்பு வழி ஆகிய சிலவற்றையே விட்டுக்கொடுக்கலாகா அடிப்படைகளாகக் கொண்டார். அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 23ஆம் நாள் தனியார் சட்டத்தைக் காக்கும் திருத்தத்தை முன்மொழிந்தார். அது ஏற்கப்படவில்லை. எனினும் சினந்து வெளியேறவில்லை. அச்சபை வகுத்த சட்டத்திற்குள் நின்றே தொடர்ந்து வாதாடினார். ஆட்சிமொழி விவாதத்தில், தொன்மையே அளவுகோலாயின் தமிழுக்கே அத்தகுதி உண்டென்று எடுத்துரைத்தார்.

கூட்டணிகளிலோ நெகிழ்வு காட்டினார். 1967இல் கேரளத்தில் பொதுவுடைமையர் தலைமையிலான அணியிலும், தமிழகத்தில் தி.மு.க. அணியிலும் லீக் இடம்பெற்றது. அணி மாறினும் அடிப்படை மாறவில்லை. நெல்லைத் தமிழரான அவரை மலபாரின் மஞ்சேரித் தொகுதி 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மக்களவைக்கு அனுப்பியது. மொழி கடந்த நம்பிக்கைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1972 ஏப்ரல் 5ஆம் நாள் அவர் மறைந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் துயில்கிறார். மூன்றே ஆண்டுகளில், 1975இல், கேரளத்தில் கட்சி பிளவுண்டது. பிரிந்தோர் மீண்டும் இணைய 1985 வரை காத்திருக்க நேர்ந்தது. நிழலின் அருமை வெயிலில் தெரிந்தது.

காட்டுப்பள்ளித் துறைமுகத்திலும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் பல மொழியினர் ஒருங்கே உழைக்கும் சூழலிலிருந்து வரும் நம் மாணவச் செல்வங்களுக்கு இவ்வாழ்வு ஒரு பாடம். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடலாகாது என்று தெளிந்தவரே பிறரை இணைக்க வல்லவர். அத்தெளிவு பெறுவோமாக!