விஞ்ஞானி கிருஷ்ணன்

திண்டுக்கல்லிலிருந்து தெற்கே மதுரையைக் கடந்து சென்றால், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் வத்திராயிருப்பு என்னும் ஊரைக் காணலாம். இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில், 1898 ஆம் ஆண்டு டிசம்பர் 4 ஆம் நாள் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் உழவர்; தமிழிலும் வடமொழியிலும் புலமை மிக்கவர்.

கிருஷ்ணன் தம் ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிக் கல்வி பெற்றார். பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றார். கிறித்துவக் கல்லூரியிலேயே இரசாயனச் செய்முறை கற்பிக்கும் பணியும் அவருக்குக் கிடைத்தது. நண்பகல் இடைவேளையில் மாணவர் அவரைச் சூழ்ந்து ஐயங்களைக் கேட்பர். பௌதிகமாயினும் கணிதமாயினும் அவர் சலியாது விளக்குவார். பிற கல்லூரி மாணவரும் அதனைக் கேட்க வந்தனர்.

1920 இல் கல்கத்தா சென்ற அவர், 1923 இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். ஒளி திரவங்களில் பட்டுச் சிதறும்போது என்ன நேர்கிறது என்பதே அங்கு நிகழ்ந்த ஆராய்ச்சி. சிதறிய ஒளியில் மங்கலான வேற்று நிறம் ஒன்று தோன்றுவதை இராமனின் மாணவர் 1923 இலேயே கண்டிருந்தனர். அது திரவத்தில் கலந்த அழுக்கின் விளைவோ என்ற ஐயம் நீங்கவில்லை.

1928 ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில், கோட்பாட்டுக் கணக்குகளில் ஆழ்ந்திருந்த கிருஷ்ணன், இராமனின் தூண்டுதலால் சோதனையில் இறங்கினார். திரவங்களை மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மை செய்தார். சூரிய ஒளியை ஊதா நிறக் கண்ணாடி வழியே செலுத்தினார். சிதறிய ஒளியை, ஊதாவை முற்றும் தடுக்கும் வேறொரு கண்ணாடி வழியே நோக்கினார். ஒளி நிறம் மாறாதிருந்தால் அங்கே இருளே தெரிதல் வேண்டும். ஆனால் மெல்லிய ஒளித்தடம் தெரிந்தது! ஏறத்தாழ 60 திரவங்களைச் சோதித்தும் விளைவு அதுவே. ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு பங்கே இவ்வாறு மாறும் அவ்வொளியைக் கண்ணாலேயே கண்டறிந்தனர். அந்நாட்களின் நிகழ்ச்சிகளைக் கிருஷ்ணன் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

மூலக்கூறுகள் ஓயாது அதிர்பவை. அவற்றுடன் ஆற்றலைப் பரிமாறிக்கொள்ளும் ஒளி நிறம் மாறுகிறது. அம்மாற்றம் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு விதமாய், கைரேகை போல அமையும். இச்செய்தியை 1928 மார்ச்சு 31 ஆம் நாள் வெளியான நேச்சர் இதழ்க் கட்டுரை உலகிற்கு அறிவித்தது. அதில் இராமன், கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயரும் இருந்தன. 1930 இல் நோபெல் பரிசு இராமன் ஒருவருக்கே கிடைத்தது. விளைவும் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. பரிசேற்பு உரையில் அவர் கிருஷ்ணனின் துணையைக் குறிப்பிடத் தவறவில்லை. எனினும், கிருஷ்ணனின் பங்கை நாம் இன்னும் போதிய அளவு அறிந்திலோம் என்றே கூறவேண்டும்.

கிருஷ்ணனோ 1928 இறுதியிலேயே டாக்கா பல்கலைக்கழகம் சென்று, படிகங்களின் காந்தப் பண்பைப் பற்றிய புதிய ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டார். அதுவே அவருக்குத் தனிப்புகழ் தந்தது. 1940 இல் இலண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1947 இல் டில்லியின் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்திற்கு முதல் இயக்குநரானார். 1961 ஜூன் மாதம் மறையும் வரை அப்பொறுப்பை வகித்தார்.

லேசர் ஒளி அவர் மறைவிற்கு முந்திய ஆண்டிலேதான் முதன்முதல் உண்டாக்கப்பட்டது. அவ்வொளி வந்தபின், அரிதாய்த் தெரிந்த அத்தடம் எளிதில் பதிவாகலாயிற்று. தண்ணீர் இவ்விளைவை மிகக் குறைவாகவே காட்டுவதால், ஈரம் நிறைந்த உடல் திசுக்களையும் இம்முறையால் ஆராயலாம். புற்றுநோய் பற்றிய திசுவில் புரதம், கொழுப்பு முதலியவற்றின் அளவு மாறுகிறது. சிதறிய ஒளியின் கோடுகளும் அதற்கேற்ப மாறுகின்றன. நவி மும்பையிலுள்ள டாட்டா நினைவு மையத்தின் ஆராய்ச்சி நிலையத்தில், வாய்ப்புற்று நோயைக் கத்தியின்றிக் கண்டறிய இவ்வொளியை நோயாளரின் கன்னத்தின் உட்புறத்தில் பாய்ச்சி ஆராய்ந்துள்ளனர்.