டோனாவூர் அம்மையும் ஏழாயிரம்பண்ணை அம்மாவும்

சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது முதலில் நான் தட்டிக் கழிக்கத்தான் பார்த்தேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு எழுத்து எங்கிருந்து வரும்? ஆனால், உங்கள் வாழ்க்கையைத் தொட்ட ஒரு பெரியவரைப் பற்றி எழுதுங்கள் என்று அவர்கள் சொன்னதும், மறுக்க முடியாதபடி ஒரு முகம் நினைவுக்கு வந்துவிட்டது. நான் நேரில் பார்த்திராத முகம். நான் பிறப்பதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே மறைந்துபோனவர். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார்.

என் சொந்த ஊர் ஏழாயிரம்பண்ணை. சாத்தூரில் பஸ் ஏறிக் கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டே போனால் வந்துவிடும். எங்கள் பக்கத்தில் கம்பெனி, பேக்டரி என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்றுதான் சொல்வோம். என் சிறு வயதில் விடியுமுன்பே ஆபீஸ் பஸ் வந்து ஹாரன் அடிக்கும். தூக்குவாளியோடு என் வயதுப் பிள்ளைகள் அரைத் தூக்கத்தில் ஏறிப் போவார்கள். என்னை அந்த பஸ்ஸில் ஏற்றவே கூடாது என்று என் அம்மா வைராக்கியமாக இருந்தாள். அதற்காக ராத்திரி ராத்திரியாக வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினாள். அந்தக் குரோஸ் கணக்கில்தான் நான் நம் கல்லூரி வாசலை மிதித்தேன்.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, விடுமுறைக்குக் கிளம்பிய என்னிடம் எங்கள் விடுதிக் காப்பாளர் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்தார். மிமோசா என்பது அதன் பெயர். 1924-ல் ஏமி அம்மையார் எழுதியது. படித்துவிட்டு வந்து கதை சொல்ல வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. என் ஆங்கிலம் அப்போது தட்டுத் தடுமாறும் ஆங்கிலம். ஆகவே ராத்திரி அம்மா பெட்டி ஒட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்து, எங்கள் ஊர்ப் பேச்சில் அவளுக்குச் சொல்லி வந்தேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கதை கேட்பதில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. அதை அந்த விடுமுறையிலேயே தெரிந்துகொண்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அம்மையாரின் கதை.

1867 டிசம்பர் 16-ஆம் தேதி அயர்லாந்தின் வடபகுதியில் மில்லைல் என்ற கடலோர ஊரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். குடும்பத்துக்கு மாவு மில் இருந்தது. சின்ன வயதில் தனக்கு நீலக் கண்கள் வேண்டும் என்று ராத்திரி ஜெபித்துவிட்டு, காலையில் கண்ணாடியைப் பார்த்து ஏமாந்து போனாராம். பிற்காலத்தில் நம் நாட்டில் சேலை கட்டி நடமாடியபோது அந்தப் பழுப்புக் கண்கள்தான் உதவின என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

1885-ல் தகப்பனார் இறந்துவிட்டார். அப்போது குடும்பம் பெல்பாஸ்ட் நகரத்தில் இருந்தது. அங்கே நூல் மில்களில் வேலை செய்த ஏழைப் பெண்கள் தொப்பி வாங்க வசதியில்லாமல் தலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வருவார்கள். அந்தப் பெண்கள் சர்ச்சுக்கு வருவதை மரியாதைப்பட்டவர்கள் சிலர் விரும்பவில்லை. ஏமி அவர்களுக்காகவே வகுப்பு நடத்தினார். கூட்டம் பெருகியதும், 1889-ல் அவர்களுக்கென்றே ஐந்நூறு பேர் உட்காரக்கூடிய தகரக் கூடம் ஒன்றைக் கட்ட வைத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. இந்த இடத்தை நான் படித்தபோது எங்கள் ஊர் ஆபீஸ் பஸ்தான் கண்ணில் வந்து நின்றது. மில் பெண்களோடு பழகிய கைதான் பின்னால் நம் தென்சீமைப் பெண்களைப் பற்றி எழுதியது.

1893-ல் ஜப்பானுக்குப் போனார். சுமார் பதினைந்து மாதம்தான். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்த அனுபவம் 1895-ல் அவருடைய முதல் புத்தகமாக வந்தது. அதே வருஷக் கடைசியில் பெங்களூர் வந்து சேர்ந்தார். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த பெண்களுக்காக ஏற்பட்ட ஜெனானா மிஷன் அவரை அனுப்பியது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் தாய்நாட்டுக்கு விடுப்பில் போகவில்லை. ஐம்பத்தைந்து வருஷம்!

1896-ன் கடைசியில் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். வாக்கர் ஐயரிடம் தமிழ் படித்தார். பண்ணைவிளையில் தங்கி, பொன்னம்மாள் முதலான நம் பெண்களோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார். பொன்னம்மாள் இளம் விதவை. அவரும் மற்றப் பெண்களும் இல்லாவிட்டால் ஏமி அம்மையார் என்று ஒருவர் இருந்திருக்கவே முடியாது என்பது என் அபிப்பிராயம்.

1901 மார்ச் மாதம் அவருடைய வாழ்க்கையே திசை திரும்பியது. பெருங்குளத்தில் கோயிலுக்கு விடப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடி வந்து அவரிடம் சேர்ந்தாள். பிரீனா என்பது அவள் பெயர். அதற்கு முன்பு ஒரு தடவை அவள் தாயிடம் ஓடிப்போனதற்குத் தண்டனையாக அவள் கையில் சூடு போட்டிருந்தார்கள். குழந்தை சொன்னதைக் கேட்ட பிறகு அம்மையாரால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. இப்படி எத்தனை பிள்ளைகள் என்று தேடிப் புறப்பட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள டோனாவூர் அந்தப் பிள்ளைகளின் வீடாயிற்று. 1913-க்குள் நூற்று முப்பது பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். 1918 முதல் ஆண் பிள்ளைகளும் வந்தார்கள். எல்லாருக்கும் அவர் அம்மை.

இனி புத்தகங்களுக்கு வருகிறேன். மொத்தம் முப்பத்தைந்துக்குக் குறையாது. மிஷனெரி புத்தகம் என்றால் அந்தக் காலத்தில் ஒரு அச்சு உண்டு. போனோம், பேசினோம், ஜனங்கள் சந்தோஷமாகக் கேட்டார்கள் என்று எல்லாம் வெற்றியாகவே இருக்கும். ஏமி அம்மையார் அப்படி எழுதவில்லை. கதவைச் சாத்தினார்கள், பிள்ளையைத் திரும்பப் பிடித்துக்கொண்டு போனார்கள், நாங்கள் தோற்றோம் என்று நடந்ததை நடந்தபடியே எழுதினார். படிக்கிறவர்கள் சோர்ந்துபோவார்கள், கொஞ்சம் நம்பிக்கையூட்டும்படி மாற்றித் தாருங்கள் என்று கையெழுத்துப் பிரதி திரும்பி வந்துவிட்டது. அவர் மாற்றவில்லை, எடுத்து உள்ளே வைத்துவிட்டார். பிறகு இங்கிலாந்திலிருந்து வந்த தோழிகள் நேரில் பார்த்து, படம் எடுத்து, நிலைமை இதுதான் என்று வற்புறுத்த, 1903-ல் புத்தகம் வெளிவந்தது. உள்ளது உள்ளபடி என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். மிஷனெரிகள் மத்தியிலேயே எதிர்ப்பும் வந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தப் பழைய புத்தகங்களில் நம் கோயில்களையும் வழிபாட்டையும் பற்றி அவர் எழுதும் சில வரிகள் இன்று படிக்கும்போது உறுத்தும். என்னோடு படித்த இந்துத் தோழிகளிடம் அந்தப் பக்கங்களைக் காட்ட எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் பிள்ளைகளைப் பற்றி அவர் சொன்னது பொய்யில்லை. பிற்பாடு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டசபையில் போராடியதும், தேவதாசிக் குடும்பத்திலேயே வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936-ல் அதை நாவலாக எழுதியதும், 1947-ல் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்ததும் நாம் அறிந்ததே. மதம் வேறு, வழி வேறு. ஆனால் மூவரும் கண்டது ஒரே குழந்தையின் கண்ணீரைத்தான்.

பிள்ளைகளின் சிரிப்பையும் அம்மையார் எழுதினார். 1909-ல் வந்த லோட்டஸ் பட்ஸ் முழுக்க டோனாவூர்க் குழந்தைகளின் குறும்பும் படங்களும்தான். புற்றுநோயால் 1915-ல் காலமான பொன்னம்மாளுக்குத் தனி வாழ்க்கை வரலாறே எழுதினார். வெள்ளைக்கார மிஷனெரிகளுக்கு வாழ்க்கை வரலாறு வருவது வழக்கம். நம் ஊர் விதவைக்கு வந்தது அபூர்வம். நம் வட்டாரத்தையும் அவர் விடவில்லை. கூடாரம் போட்டுக்கொண்டு இந்தக் கரிசல் காட்டில் அலைந்து 1858-ல் சிவகாசியில் உயிர்விட்ட ராக்லாண்டு ஐயரின் சரித்திரத்தை 1922-ல் வெளியிட்டார்.

1931 அக்டோபர் 24-ஆம் தேதி களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், இருட்டில் குழி இருப்பது தெரியாமல் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் சுமார் இருபது வருஷம் பெரும்பாலும் ஒரே அறையில், படுக்கையில்தான். வலியும் தூக்கமில்லாத ராத்திரியும் என்னவென்று தெரிந்தவராக, மற்ற நோயாளிகளுக்கு அங்கிருந்தே எழுதினார். 1938-ல் வந்த இஃப் என்ற சின்னஞ்சிறு புத்தகம் கடல் கடந்து போயிற்று. அமெரிக்காவில் பள்ளி மாணவியாக இருந்த எலிசபெத் எலியட் கையில் அது கிடைத்தது. பிற்காலத்தில் ஈக்வடார் காட்டில் இளம் வயதிலேயே கணவனைப் பறிகொடுத்து, தாமும் பெரிய எழுத்தாளராகிய அந்த அம்மையார்தான் 1987-ல் ஏமியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்.

1951 ஜனவரி 18-ஆம் தேதி ஏமி அம்மையார் டோனாவூரில் காலமானார். கல்லறைக்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் நீர் குடிக்க ஒரு கல் தொட்டி வைத்து, அதில் அம்மை என்று மட்டும் பொறித்தார்கள். போய்ப் பாருங்கள்.

இப்போது என் அம்மாவிடம் வருகிறேன். மிமோசா ஒரு நிஜப் பெண்ணின் கதை. சிறுமியாக ஒரே ஒரு மத்தியானம் டோனாவூருக்கு வந்து, அன்பான கடவுள் ஒருவர் இருக்கிறார் என்று கேட்கிறாள். அங்கேயே இருக்க ஆசைப்படுகிறாள். தகப்பன் விடவில்லை. வாசிக்கத் தெரியாது, சொல்லிக்கொடுக்க ஆளில்லை, கல்யாணம் கடனில் முடிகிறது. ஆனாலும் அந்த ஒரு மத்தியானத்தைப் பிடித்துக்கொண்டே இருபத்திரண்டு வருஷம் கழித்துத் தன் பிள்ளைகளோடு திரும்பி வருகிறாள்.

நடுவில் அவளுடைய குழந்தை ஒன்று இறந்துபோகிறது. நம் சாமியை விட்டதால்தான் இப்படி என்று ஊரார் குத்திப் பேசுகிறார்கள். அந்தப் பக்கம் வந்ததும் நான் சத்தமில்லாமல் தாண்டிவிட்டேன். காரணம் உண்டு. என் தம்பி நாலு வயதில் காய்ச்சலில் போனான். அதன்பின் எங்கள் வீட்டில் அவன் பெயரை யாரும் எடுத்ததில்லை. அம்மா மனசு நோகுமே என்று நினைத்தேன்.

இரண்டு ராத்திரி கழித்து அம்மா பசைக் கையை நிறுத்திவிட்டு, தாயி, அவ பிள்ளைகள்ல ஒண்ணு குறையுதே, எங்க போச்சுன்னு கேட்டாள். மழுப்பிப் பார்த்தேன், முடியவில்லை. எதுக்கு மறைச்சே, அவ பட்டதை எனக்குச் சொன்னா என்ன, நான் படாததான்னு கோபப்பட்டாள். திரும்பிப் போய் அந்தப் பக்கத்தைப் படித்துச் சொன்னேன். அந்தத் தாய், தந்தவரே எடுத்துக்கொண்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு நிற்பதைக் கேட்டு அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு தம்பியைப் பற்றிப் பேசினாள். அவன் நடந்தது, அவனுக்குப் பிடித்த கருப்பட்டி, கடைசி ராத்திரி, எல்லாம். அன்று பெட்டி குறைவாகத்தான் ஒட்டினோம்.

கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பியவர்கள் செய்த தவறைத்தான் நானும் செய்திருக்கிறேன் என்று பிறகு புரிந்தது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் விசுவாசம் ஊட்டும் புத்தகம் என்றால் இனிப்பாக இருக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. உள்ளதை மறைத்துச் சொன்ன கதை நல்ல நாளைக்கு மட்டும் உதவும்.

அம்மா இன்னொன்றும் கேட்டாள். இவ நம்ம சீமைக்காரிதானே, இவ கதை ஏன் இங்கிலீஷ்ல கிடக்குன்னு. அதற்கு என்னிடம் பதிலில்லை. அம்மையார் எழுதியது முதலில் கடல் கடந்த வாசகருக்காக. அதில் வரும் நம் பெண்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பக்கங்களை வாசிக்கத் தெரியாது.

ஓய்வு பெற்றபின் நான் ஊருக்கே திரும்பிவிட்டேன். ஞாயிறு மாலை எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பெண்கள் கூடுவார்கள். எல்லா மதத்தாரும் உண்டு. பலர் பட்டாசு ஆபீஸுக்குப் போகிறவர்கள். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி பக்கத்து அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். விபத்து எங்களுக்குச் செய்தியில்லை, அக்கம்பக்கம். வேறொரு விபத்தில் கணவனை இழந்த ஒரு பெண், மிமோசா கதையைத் தொடங்கியதும், முடிவுல அந்தப் பிள்ளை பிழைச்சு வருமா டீச்சர்னு கேட்டாள். வராதும்மா என்றேன். அப்போ சொல்லுங்க, கேக்கிறேன் என்றாள். ஒரு பக்கமும் தாண்டாமல் சொன்னேன்.

தற்போது படிக்கும் மாணவ மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ராத்திரியில் பெட்டி ஒட்டியோ, குச்சி அடுக்கியோ, மருந்து அடைத்தோ உங்களைப் படிக்க வைத்த ஒருத்தி இருப்பாள். அவளிடம் கேட்டு, அவள் சொன்னபடியே தமிழில் எழுதுங்கள். எதையும் தாண்டாதீர்கள். அடுத்த மலரில் அதைப் படிக்க நானும் ஆசையோடு காத்திருக்கிறேன்.