குழந்தையின் கை

ஸ்ரீவில்லிபுத்தூரில் தறியின் முன் அமர்ந்து நெய்பவருக்கு இழை அறுந்த செய்தியை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, துணியே சொல்லிவிடும். அவர் இழையை முடிந்துகொண்டு மேலே நெய்கிறார். இராஜபாளையத்து நூற்பாலையிலும் நூல் அறுந்தால் இதே கதைதான். அடியும் வசையுமின்றிப் பிழையைக் காட்டித் திருத்தும் ஆசான் வேலையே என்பது இவ்விரு ஊர்களிலும் தொழில் செய்வோர் அறிந்த உண்மை. இவ்வுண்மையைக் குழந்தைக் கல்விக்கு அஸ்திவாரமாக்கியவர் மரியா மாண்டிஸோரி அம்மையார்.

அம்மையார் 1870 ஆகஸ்டு 31-ல் இத்தாலியிலுள்ள கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் வைத்தியம் பயில்வது அபூர்வமாயிருந்த காலத்தில், எதிர்ப்புக்களை மீறி, 1896-ல் ரோம் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். மந்தபுத்தியுள்ளவை என்று உலகம் ஒதுக்கிய குழந்தைகளுக்குப் பொருள்களைத் தொட்டும் அடுக்கியும் பயிலும் வழியைக் காட்டினார். அவர்களிற் சிலர் மற்றைக் குழந்தைகளுக்குரிய பரீட்சையிலேயே தேறினர். கண்டோர் வியந்தனர். அம்மையாரோ, சுகமாயுள்ள குழந்தைகளின் அறிவை எது தடுத்து வைத்திருக்கிறது என்று சிந்திக்கலானார்.

1907 ஜனவரி 6-ல் விடை காணும் வாய்ப்பு வந்தது. ரோமில் ஸான் லோரென்ஸோ என்னும் ஏழைகள் வாழும் பகுதியில், பெற்றோர் கூலிக்குச் சென்றபின் குழந்தைகள் சுவர்களையும் படிகளையும் பாழாக்கி வந்தனர். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அம்மையார் ஏற்று, குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். துளைகளில் பொருத்தும் மர உருளைகளை அவர்கள் கையில் கொடுத்தார். ஓர் உருளையைத் தவறான துளையில் இட்டால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் மிஞ்சும். குழந்தை தானே பிழையைக் கண்டு மறுபடி முயலும். உப்புக்காகிதத்தில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவி விளையாடிய குழந்தைகள், நான்கைந்து பிராயத்திலேயே எழுதத் தொடங்கினர்.

கேள்வி கேட்கும் குழந்தையைச் சர்வாதிகாரம் விரும்புவதில்லை. முஸோலினி முதலில் ஆதரவளித்தாலும், 1934-ல் அம்மையார் வழிப் பள்ளிகள் இத்தாலியில் மூடப்பட்டன. 1939-ல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து சுமார் முந்நூறு பேருக்குப் பயிற்சி அளித்தார். மறு ஆண்டு இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, அவரைப் பகை நாட்டவராகக் கருதிய பிரிட்டிஷ் சர்க்கார் மகன் மாரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாளன்று மகன் விடுவிக்கப்பட்டார். 1942 முதல் 1944 வரை அவர் கொடைக்கானலில் வாழ்ந்து, இலையும் பூச்சியும் செடியுமே பாடப்புத்தகமாகக் குழந்தைகளுக்குக் கற்பித்தார். இராஜபாளையத்துக்கு மேற்கே எழும் மலைத்தொடரோடு சேர்ந்ததே அம்மலையும். 1952 மே 6-ல் ஹாலந்தில் அவர் காலமானார்.

குழந்தையின் கையை நாம் இரண்டு விதத்தில் வீணாக்கியிருக்கிறோம். பள்ளியில் அதைக் கட்டி வைத்தோம்; பள்ளிக்கு வெளியே அதைக் கூலிக்கு விற்றோம். அண்டையிலுள்ள சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலில் பிஞ்சுக் கைகள் உழைத்த காலத்தை இப்பகுதி மறந்திராது. அங்கே கை ஓயாமல் இயங்கியது. அறிவு அதனுடன் இயங்க இடமில்லை. தொழிலைச் சிறுவர் தலைமேல் ஏற்றுவது வேறு, ஒரு பொருளைச் செய்தும் கலைத்தும் மீண்டும் செய்தும் பார்க்க அவர்களுக்கு அவகாசம் தருவது வேறு. பின்னதையே அம்மையார் கல்வி என்றார்.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. இவ்விரு ஊர்களிலும் பஞ்சுக்கோ நூலுக்கோ மரத்துண்டுக்கோ பனையோலைக்கோ குறைவில்லை. அவை பள்ளிக்கூட வாயிலைக் கடந்து உள்ளே வரட்டும். காற்றாடி சுழலாவிட்டால் உபாத்தியாயர் உடனே கை நீட்டித் திருத்தாமல் சற்றே பொறுத்திருக்கட்டும். ஏன் சுழலவில்லை என்பதைக் காற்றாடியே குழந்தைக்குச் சொல்லும்.