கையொப்பமிட்ட கை: அரிஸ்டிடிஸ் டி சூசா மென்டிஸ்

மென்டிஸ் என்ற பெயர் இலங்கையர் எவருக்கும் புதிதல்ல. கதிரை, அலுமாரி என்ற சொற்களைப் போல அதுவும் போர்த்துக்கேயர் இத்தீவில் விட்டுச் சென்றதே. அப்பெயர் தாங்கிய போர்த்துக்கேய இராஜதந்திரி ஒருவரின் வாழ்க்கையை இந்நூற்றாண்டு மலரில் எழுத விரும்பினோம். வீசா என்ற சொல்லின் பாரத்தை அறிந்த பழைய மாணவியர் பல தேசங்களிலிருந்தும் இம்மலரைக் கையிலெடுப்பர் என்பதே அதற்குக் காரணம்.

அரிஸ்டிடிஸ் டி சூசா மென்டிஸ் 1885 யூலை 19 ஆம் திகதி, போர்த்துக்கல்லின் கபானாஸ் டி விரியாட்டோ என்ற ஊரில், வசதியும் கத்தோலிக்கப் பற்றும் மிகுந்த குடும்பத்தில் பிறந்தார். அவரும் இரட்டைச் சகோதரரான செசாரும் கொயிம்பிராப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, இருவருமே வெளிநாட்டுச் சேவையில் இணைந்தனர். செசார் 1932 இல் வெளிநாட்டமைச்சராகவும் பதவி வகித்தார். அரிஸ்டிடிஸோ கொன்சல் பதவியில் ஊர் ஊராக மாறினார். பிரித்தானிய கயானா, சன்சிபார், பிரேசில், சான் பிரான்சிஸ்கோ, அன்ட்வேர்ப் என்று அந்தப் பட்டியல் நீளும். மனைவி ஏஞ்சலினாவும் 14 பிள்ளைகளைப் பெற்று வளர்த்தபடி அவரோடு நாடுகள் மாறினார். 1938 இல் பிரான்சின் போர்தோ நகரத்துக்கு அவர் கொன்சலாக வந்தார்.

அவர் குறையற்ற மனிதர் அல்லர். செலவில் சிக்கனம் அறியாதவர். மேலதிகாரிகளின் கண்டனத்துக்கு முன்னரும் ஆளானவர். மனைவிக்கு நோவு தந்த வேறோர் உறவும் அவர் வாழ்வில் இருந்தது. இவற்றை மறைத்து அவரைத் திருவுருவமாக்க நாங்கள் விரும்பவில்லை. அப்படிப்பட்ட மனிதர் ஒருவரே அந்தக் காரியத்தைச் செய்தார் என்பதில்தான் எங்களுக்கான பாடம் இருக்கிறது.

அப்போது போர்த்துக்கல்லை ஆண்டவர் சலாசார். பிரதமரும் அவரே, வெளிநாட்டமைச்சரும் அவரே. போரில் நடுநிலை காத்த அவரது அரசு 1939 நவம்பர் 11 இல் 14 ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தை எல்லாத் தூதரகங்களுக்கும் அனுப்பியது. நாடற்றவர்கள், ரஷ்யர்கள், சொந்த நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட யூதர்கள் போன்றோருக்கு லிஸ்பனின் முன்அனுமதியின்றி வீசா வழங்கக் கூடாது என்பது கட்டளை. அந்த மாதமே ஒஸ்திரியப் பேராசிரியர் ஒருவரது குடும்பத்துக்கு, அனுமதி வருமுன்னரே சூசா மென்டிஸ் வீசா கொடுத்தார். எச்சரிக்கை வந்தது. சில மாதங்களின் பின் மற்றொருவருக்கும் அவ்வாறே கொடுத்தார். மீண்டும் எச்சரிக்கை வந்தது.

1940 யூன் 14 இல் ஜேர்மனியப் படை பாரிஸ் நகருக்குள் புகுந்தது. பிரெஞ்சு அரசாங்கம் போர்தோவுக்கு இடம்பெயர, அதன் பின்னால் பெருந்தொகையான அகதிகளும் வந்து குவிந்தனர். போர்த்துக்கேய வீசா இருந்தால் ஸ்பெயின் ஊடாக லிஸ்பன் சென்று, அங்கிருந்து கப்பலேறலாம். இல்லாவிட்டால் வழியே இல்லை. தூதரகத்தின் படிகளிலும் வீதியிலும் சனம் இரவு பகலாக நின்றது. போலந்தில் பிறந்த யூத மதகுருவான ஹைம் குரூகரைத் தம் வீட்டில் தங்கவைத்த சூசா மென்டிஸ், அவர் குடும்பத்துக்கு வீசா தர முன்வந்தார். வெளியே நிற்கும் தம் மக்களுக்கும் கிடைத்தாலன்றித் தமக்கு வேண்டாம் என்று குரூகர் மறுத்துவிட்டார்.

அதன்பின் கொன்சல் மூன்று நாட்கள் படுக்கையை விட்டு எழவில்லை. மனம் தீர்மானிக்க முடியாமல் தவிக்கையில் உடல் விழுந்துவிடுவதை வைத்தியர்களான நாங்கள் வார்டுகளில் கண்டிருக்கிறோம். அவரது முன்னால் இருந்தவை இரண்டு. ஒருபக்கம் 30 ஆண்டு உத்தியோகமும் பெரிய குடும்பத்தின் சோறும். மறுபக்கம் வாசலில் நின்ற முகங்கள். யூன் 17 காலை எழுந்து, முகம் மழித்து, உடையணிந்து வெளியே வந்தவர், கேட்பவர் எல்லோருக்கும் வீசா வழங்கப்படும் என்று அறிவித்தார். இனம், மதம், நாடு எதுவும் பார்க்கப்படமாட்டாது என்றார்.

அன்றிலிருந்து தூதரகம் ஒரு தொழிற்சாலை போல இயங்கியது. பிள்ளைகளும் செயலாளரும் குரூகரும் கடவுச்சீட்டுகளைச் சேகரித்து நீட்ட, அவர் ஒப்பமிட்டுக்கொண்டே இருந்தார். கட்டணம் அறவிடப்படவில்லை. பெயர்களைப் பதிவேட்டில் எழுதவும் நேரமிருக்கவில்லை. நீண்ட கையொப்பம் சுருங்கி மென்டிஸ் என்ற ஒற்றைச் சொல்லானது. பின்னர் பயோன் நகருக்குச் சென்று, தயங்கிய அலுவலரைத் தம் அதிகாரத்தால் இணங்கவைத்து அங்கும் ஒப்பமிட்டார். எல்லையூரான ஹென்டாயில் வீதியில் நின்றவர்களுக்கும் கொடுத்தார். ஓவியர் சல்வடோர் டாலி, ஹப்ஸ்பேர்க் இளவரசர் ஒட்டோ முதலியோர் இவ்வாறு தப்பினர். பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோரும் தப்பினர். காப்பாற்றப்பட்டோர் 30,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஆய்வாளர் சிலர் அதைக் குறைத்து மதிப்பிடுவர்.

லிஸ்பன் அவரைத் திருப்பி அழைத்து ஒழுக்காற்று விசாரணை நடத்தியது. விசாரணைக் குழு பதவியிறக்கம் போதும் என்றது. சலாசார் அதனிலும் கடுமையாக, ஓராண்டு அரைச் சம்பளத்தில் நிறுத்திவைத்துப் பின் ஓய்வில் அனுப்பத் தீர்ப்பளித்தார். வேறெந்தப் பதவியும் அவருக்குக் கிடைக்கவில்லை. கடன் பெருகியது. லிஸ்பனில் யூத சமூகம் அகதிகளுக்கு நடத்திய உணவுச்சாலையில் அவர் குடும்பமும் உணவருந்தியது. 1945 இல் பக்கவாதம் தாக்கியது. அதே ஆண்டு, மதத்தின் பெயரால் வேற்றுமை காட்டுவது அரசியலமைப்புக்கு முரண் என்று சுட்டி நீதி கேட்டு எழுதினார். பதில் வரவில்லை. ஏஞ்சலினா 1948 இல் கண்மூடினார். பிள்ளைகள் வாழ்வு தேடி அமெரிக்கா, கனடா, ஆபிரிக்கா என்று சிதறினர். 1954 ஏப்ரல் 3 இல் லிஸ்பனில் பிரான்சிஸ்கன் துறவிகளின் வைத்தியசாலையில் அவர் காலமானார். குடும்ப மாளிகை கடனுக்குப் போயிற்று.

தந்தையின் பெயரை மீட்கும் வேலையைச் சிதறிய பிள்ளைகளே செய்தனர். இருந்த நாடுகளிலிருந்து கடிதம் கடிதமாக எழுதினர். 1966 இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் அவரை மாண்புமிகு மனிதர்களுள் ஒருவராக ஏற்றது. போர்த்துக்கேயப் பாராளுமன்றம் 1988 இல் குற்றச்சாட்டை நீக்கித் தூதுவர் தரத்துக்கு உயர்த்தியது. 2021 இல் லிஸ்பன் தேசிய நினைவாலயத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் அமைந்தது. பாழடைந்து கிடந்த அந்த மாளிகை 2024 இல் அரும்பொருளகமாகத் திறக்கப்பட்டது.

எங்கள் கல்லூரித் தாய் பெற்ற பிள்ளைகளில் பலர் இன்று ஏதோவொரு மேசையின் பின்னால் இருக்கிறோம். மருத்துவச் சான்றிதழ், பாடசாலை அனுமதி, கடன் விண்ணப்பம், வதிவிட விண்ணப்பம் என்று நாளாந்தம் நாம் இடும் ஒப்பங்கள் எத்தனை! சுற்றுநிருபங்கள் வேண்டும். அவை இன்றி நிருவாகம் நடவாது. ஆயினும் கடதாசியை நீட்டும் கைக்குரியவரை ஒருதரமேனும் நிமிர்ந்து பார்த்த பின்பு பேனாவை எடுப்போம். வரிசையில் நின்று அந்தப் பார்வைக்காகக் காத்திருந்தவர்கள் நம்மிடையே பலர்.