அறிவியல் வகுப்பில் இடம் மறுக்கப்பட்ட பெண், திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனது எப்படி?

பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்ததும் டீச்சர் வேகமாகப் பக்கத்தைத் திருப்பிவிட்டு, வீட்டில் படித்துக்கொள்ளச் சொன்னது நம்மில் நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். உடல், மாதவிடாய், தவறான தொடுதல் பற்றியெல்லாம் பள்ளியில் எந்த வயதில் பேசலாம் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. மத்திய அரசின் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-ல் மகாராஷ்டிரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் உட்பட பல மாநிலங்கள் நிறுத்தி வைத்தன. அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, பிள்ளைகளுக்கு இது ஏற்ற வயது இல்லை என்பது.

ஆனா பிரச்சினை நிஜமாவே வயசுதானா? இந்தக் கேள்வியோடு டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸின் வாழ்க்கையைப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகும்.

1886-ல் கோட்டயம் அருகே அய்மனத்தில் பிறந்தவர் மேரி. அப்பா டி.ஈ. புன்னன் திருவிதாங்கூரின் முதல் மருத்துவப் பட்டதாரி, அரண்மனை மருத்துவர். வீட்டில் மருத்துவம் சாதாரணப் பேச்சு. மெட்ரிகுலேஷனில் முதலிடம் பிடித்த மேரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் அறிவியல் பிரிவு கேட்டார். பெண் என்பதால் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் வரலாறு படித்து 1909-ல் பட்டம் வாங்கினார்.

இங்கே கொஞ்சம் நின்று கவனிக்கணும். அவர் அப்போது குழந்தை இல்லை, கல்லூரியில் சேரும் வயது வந்தவர். படிக்க வந்தது பெண் என்பதுதான் அவர்களுக்குப் பிரச்சினை. அந்த நாள் பெரியவர்கள் அதை ஒளித்துக்கூட வைக்கவில்லை!

மேரி லண்டன் போனார். லண்டன் பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். முடித்தார். டப்ளினின் ரொட்டுண்டா மருத்துவமனையில் மகப்பேறு பயிற்சி பெற்றார். அப்பா இறந்தபின் 1916-ல் ஊர் திரும்பி, தைக்காடு பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் பொறுப்பேற்றார்.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஆள் வரணுமே? பிரசவம் என்பது வீட்டுக்குள், மருத்துவச்சி கையில் நடக்கிற சங்கதி. ஆண்கள் காதில் விழக்கூடாது, கல்யாணம் ஆகாத பெண்ணுக்குச் சொல்லக்கூடாது. முதல் பிரசவ வலி வரும்வரை தன் உடம்பில் என்ன நடக்கும் என்றே தெரியாமல் இருந்த பெண்கள் எத்தனையோ பேர். மேரி மருத்துவச்சிகளோடு மல்லுக்கு நிற்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளையே கூப்பிட்டு முறையான பேறுகாலப் பயிற்சி கொடுத்தார். ஊர் ஏற்கெனவே நம்புகிற குடும்பத்திலிருந்தே புது அறிவு வந்தால் எதிர்ப்பு குறையும் என்ற கணக்கு. என் பார்வையில் அவர் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் இதுதான். கேரளத்தின் முதல் சிசேரியனை 1920-ல் செய்தவரும் அவர்தான் என்று பதிவுகள் சொல்கின்றன. மின்சாரம் இல்லாத நாளில் லாந்தர் வெளிச்சத்தில் அறுவை சிகிச்சை செய்த காலம் அது.

1922-ல் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1938-ல் சர்ஜன் ஜெனரல் ஆனார். சமஸ்தானம் முழுக்க இருந்த அரசு மருத்துவமனைகள் ஒரு பெண்ணின் நிர்வாகத்துக்கு வந்தன.

நெய்யாற்றின்கரை கதை

அந்தச் சமஸ்தானத்தின் தெற்குத் தாலுகாக்களில் ஒன்று நெய்யாற்றின்கரை. ராக்பெல்லர் அறக்கட்டளை உதவியோடு 1930-களின் தொடக்கத்தில் இங்கே ஒரு சுகாதார யூனிட் வந்தது. நோய் வந்தபின் மருந்து தருவதைவிட, வராமல் தடுக்கக் கிராமத்துக்கே போய் மக்களிடம் பேசுவதுதான் அதன் அடிப்படை யோசனை. 1935 கடைசியில் திருவனந்தபுரத்தில் கூடிய அகில இந்தியப் பெண்கள் மாநாட்டுக்கு அமெரிக்காவின் மார்கரெட் சாங்கர் வந்தார். கருத்தடை பற்றிய தீர்மானத்துக்குக் கத்தோலிக்கப் பிரதிநிதிகளிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியும் அது நிறைவேறியது. அதாவது, இந்த மண்ணுக்கு இந்த வாக்குவாதம் புதுசே இல்லை.

1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரையும் அதிலிருந்த பாறசாலையும் கேரளத்தோடு நின்றன. இன்று பாறசாலைப் பிள்ளையும் சில கிலோமீட்டர் தள்ளி களியக்காவிளையில் இருக்கும் பிள்ளையும் வீட்டில் ஒரே மாதிரி தமிழும் மலையாளமும் கலந்து பேசலாம். பாடப்புத்தகம் மட்டும் வேறு வேறு அரசுகளுடையது. பருவமடையும் வயது எல்லைக்கோடு பார்த்து மாறப்போவதில்லை!

வயது வரம்பு பற்றி உலக அளவில் ஓரளவு தெளிவு இருக்கிறது. யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டுதல் 5 வயதிலிருந்தே தொடங்குகிறது. 5 முதல் 8 வரை உடல் உறுப்புகளின் பெயர், பிடிக்காத தொடுதலை யாரிடம் சொல்வது என்பது. 9 முதல் 12-ல் பருவமாற்றம், மாதவிடாய். சின்னப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லிவிடுவார்கள் என்ற பெற்றோரின் பயம் நியாயமானதுதான். அதற்கான பதில் இந்த வரிசையில் இருக்கிறது.

2022-ல் கேரள உயர் நீதிமன்றம் போக்சோ சட்டம் பற்றிய விழிப்புணர்வைப் பாடத்திட்டத்தில் சேர்க்க உத்தரவிட்டது. பாலியல் கல்வி 9-ம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. புத்தகத்தில் ஏறினால் போதுமா என்பது வேறு கேள்வி. வகுப்பில் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் நடத்த ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும். மருத்துவச்சிகளின் பிள்ளைகளுக்கு மேரி கொடுத்தது போல.

அவர் 1942-ல் ஓய்வு பெற்றார். 1975-ல் பத்மஸ்ரீ வந்தது. அடுத்த வருஷம் அக்டோபர் 2-ம் தேதி, 90 வயதில் காலமானார். ஒருகாலத்தில் அவருக்கு அறிவியல் வகுப்பை மறுத்த அந்த மகாராஜா கல்லூரி, இப்போது திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரி. அங்கே இன்று பெண்கள் விலங்கியல் படிக்கிறார்கள்.