பம்பாய்ச் சட்டசபையில் அம்பேத்கர்

பம்பாயில் ரீகல் சினிமாவுக்கு எதிரே ஒரு பழைய கற்கட்டடம் உண்டு. இன்று அது மாநிலக் காவல்துறைத் தலைமையகம். பலமுறை அதைக் கடந்து போயிருக்கிறேன். சட்டசபை பல்லாண்டுகள் கூடிய இடம் அது என்பதை அறியாமலே போயிருக்கிறேன். அறிந்த பிறகுதான், டாக்டர் அம்பேத்கரை அரசியல் சட்டத்தோடு மட்டுமே சேர்த்து நினைக்கும் பழக்கம் என்னைவிட்டுப் போயிற்று.

1891இல் பிறந்து, நியூயார்க்கிலும் லண்டனிலும் பட்டங்கள் பெற்ற அவர், 1927இல் பம்பாய்ச் சட்டசபையில் நியமன அங்கத்தினராக அமர்ந்தார். நியமனம் என்றதும் தலையாட்டிப் பொம்மை என்று எண்ணிவிடாதீர்கள், நண்பர்களே!

மறு ஆண்டே மகார் வதன் மசோதாவைக் கொண்டுவந்தார். வதன் என்றால் என்ன? நம் ஊர் வெட்டியானின் ஊழியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மகார் குடும்பம் சர்க்கார் ஏவலுக்கு இரவு பகல் பாராமல் ஓட வேண்டும். தந்தை ஊரில் இல்லையென்றால் வீட்டில் வேறொருவர் ஓட வேண்டும். கூலியோ ஒரு துண்டு நிலமும் ஊரார் தரும் தானியமும். விரும்பியவர் விடுபடவும், ஊழியம் செய்பவர் ஒழுங்கான சம்பளம் பெறவும் மசோதா வழி சொன்னது. அவர் பிறந்த குலத்தின் துயரம் அது. மசோதா நிறைவேறவில்லை, அவரே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

அதே 1928இல் ஆலைப் பெண்களின் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு நாட்டுக்கே நன்மை, ஆகவே சர்க்காரும் செலவை ஏற்க வேண்டும் என்பது அவர் கட்சி. அது மறு ஆண்டு சட்டமாயிற்று.

1937இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சித் தலைவராக எதிர் வரிசையில் அமர்ந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் கோத்தி முறையை ஒழிக்க மசோதா கொடுத்தார். கொங்கண நாட்டில் சர்க்காருக்கும் உழவனுக்கும் நடுவில் நின்று நிலவரி வசூலித்தவர்கள் கோத்துகள். நடுவில் நிற்பவன் கை எப்போது சும்மா இருந்தது? 1938 ஜனவரியில் ஆயிரக்கணக்கான உழவர்கள் சட்டசபை நோக்கி ஊர்வலம் வந்தார்கள். காங்கிரஸ் மந்திரிசபை அசையவில்லை. அவ்வாண்டே அது கொண்டுவந்த தொழில் தகராறு மசோதா, சிலவகை வேலைநிறுத்தங்களைக் குற்றமாக்கியது. அவர் எதிர்த்தார், நவம்பர் 7ஆம் நாள் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தமும் நடத்தினார். மசோதா நிறைவேறிவிட்டது. அவர் எதிர்த்ததைப் பிடிவாதம் என்பாரும் உண்டு. நான் ஒப்பவில்லை. வேலைக்குப் போகாமல் இருப்பதும் குற்றமென்றால் கூலியாளிடம் மிஞ்சுவது என்ன?

கோத்தி ஒழிப்புச் சட்டம் 1949இல் பிறந்தது. அப்போது அவர் டில்லியில் சட்ட மந்திரி. வதனை ஒழித்த சட்டம் வந்தது 1958இல். அவர் மறைந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது.