டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார்

வைத்தியர் என்றால் நாடி பிடிப்பவர், மருந்து எழுதிக் கொடுப்பவர் என்றே நாம் எண்ணுகிறோம். எந்த ஊரில் ஆஸ்பத்திரி வேண்டும், எத்தனை பேருக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சர்க்காருக்கு யோசனை சொல்லும் வைத்தியரும் உண்டு. அப்படி ஒரு பெரியவரின் சரித்திரத்தைச் சங்க அன்பர்களுக்குச் சுருக்கமாக எழுதுகிறோம்.

1887 அக்டோபர் 14ல் கர்நூலில் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தவர்கள் ராமசுவாமி முதலியாரும் லட்சுமணசுவாமி முதலியாரும். அண்ணன் அரசியலில் பெயர் பெற்றார். தம்பி சென்னையில் வைத்தியம் படித்துப் பிரசவ வைத்தியத்தில் நிபுணரானார். 1939ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் பிரின்ஸிபாலானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் இவரே.

1943ல் சர்க்கார் போர் கமிட்டியை அமைத்தது. தலைவர் சர் ஜோசப் போர். முதலியார் ஓர் அங்கத்தினர். அன்றைய நிலையைக் கேளுங்கள். 6,300 பேருக்கு ஒரு டாக்டர். 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். பிள்ளை பெறும்போது மாண்ட தாய்மார் வருஷத்துக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் என்று கமிட்டி கணக்கிட்டது. பிரசவ அறையிலேயே காலம் கழித்தவருக்கு இது வெறும் எண்ணாகப் பட்டிருக்குமா? 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமாவது உடனே வேண்டும் என்று 1946ல் கமிட்டி சொல்லிற்று.

1952 முதல் நிலையங்கள் எழும்பின. ஆனால் பல இடங்களில் கட்டடம் இருந்தது, டாக்டர் இல்லை. டாக்டர் இருந்தால் மருந்து இல்லை. 1959ல் முதலியார் தலைமையிலேயே இன்னொரு கமிட்டி அமைந்தது. இருப்பதை முதலில் பலப்படுத்துங்கள், ஜில்லா ஆஸ்பத்திரியை உயர்த்துங்கள், பிறகு புதிது திறக்கலாம் என்பது 1961ல் அவர்கள் கொடுத்த யோசனை. வியாபாரிகளாகிய நமக்கு இது எளிதில் விளங்கும். தலைக்கடையில் சரக்கு இல்லாமல் நாலு கிளை திறந்தவன் கதி நமக்குத் தெரியாததா? ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நிலையமே இல்லாத கிராமத்தார் இன்னும் எத்தனை காலம் காத்திருப்பது என்று கேட்டால் அதுவும் நியாயமே. இரண்டுக்கும் போதிய பணம் இல்லாததுதான் சங்கடம்.

உலக சுகாதார ஸ்தாபனத்திலும் அவர் பெரும் பங்கு கொண்டார். 1961ல் புது டில்லியில் கூடிய உலக சுகாதார மகாசபைக்கு அவரே தலைவர்.

1942 முதல் 1969 வரை 27 வருஷம் சென்னை சர்வகலாசாலைக்கு துணைவேந்தராகவும் இருந்தார். நம் சமூகத்தார் 1951ல் சென்னையில் நியூ காலேஜையும், திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியையும் தொடங்கியபோது அவை இணைந்தது அந்தச் சர்வகலாசாலையோடுதான்.

நம் மலாயாவிலும் இதே கணக்கு நடந்தது. 1956ல் வகுத்த திட்டப்படி 50,000 பேருக்கு ஒரு பெரிய நிலையம், அதன்கீழ் நாலு சிறு நிலையம், அதற்கும் கீழே 2,000 பேருக்கு ஒரு பிடான் கிளினிக். மெர்கோங்கில் இருக்கும் நமக்கு அன்று அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தது. கெடாவின் உட்புறத் தோட்டங்களில் இருந்தவர்களுக்கோ அந்தச் சிறு நிலையமே பெரிய ஆஸ்பத்திரி.

முதலியார் 1974 ஏப்ரல் 15ல் காலமானார். சென்னை தரமணியில் மருத்துவ விஞ்ஞானம் கற்பிக்கும் பட்டமேற்படிப்பு நிலையம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.